பாஸ் பெட்டிக்கு ஸ்பீக்கானா ஜாக்கா? இரண்டு பெட்டி, இரண்டு விதச் சாக்கெட்

#1 பந்தாய் பாஸ் (கோலாலம்பூர்)

வணக்கம் அண்ணன்மாரே. பாஸ் கிட்டாருக்கான சாமான் இதுதான்.

ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்): கிளாஸ்-டி (சுவிட்சிங் முறை), 4 ஓமில் 500 வாட். பின்னால் இரண்டு சாக்கெட், இரண்டும் ஸ்பீக்கானையும் (ஸ்பீக்கருக்கென்றே செய்த, திருகித் தாழிடும் பிளக்) 6.35 மி.மீ. ஜாக்கையும் ஏற்கும் காம்போ.
பெட்டி ஒன்று: 1×15 (15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று), 8 ஓம், ஸ்பீக்கான் சாக்கெட் இரண்டு.
பெட்டி இரண்டு: பழைய 4×10 (10 அங்குல ஸ்பீக்கர் நாலு), 8 ஓம், ஜாக் சாக்கெட் இரண்டு மட்டும்.

கல்யாண மண்டபத்துக்கும் கோவில் மேடைக்கும் இரண்டு பெட்டியும் சேர்ந்து போகும். கேபிள் எல்லாம் புதிதாகக் கட்டப் போகிறேன். ஜாக்கே போதுமா, ஸ்பீக்கானுக்கு மாறியே ஆகணுமா? மாறினால் 2 முனையா 4 முனையா? கம்பி எத்தனை சதுர மி.மீ.? கடையில் பெயர் இல்லாத மலிவு பிளக்கும் தொங்குது, அதை நம்பலாமா?

#2 செந்தூல் சால்டர்

தம்பி, முதல்ல கணக்கு. 500 வாட், 4 ஓம் என்றால் முழு அடியில் (அதிகபட்சச் சத்தத்தில்) 45 வோல்ட், 11 ஆம்பியர். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கேபிள் ஹெட்டிலிருந்தே போனால், கேபிளுக்கு 5.6 ஆம்பியர்தான். ஹெட்டிலிருந்து முதல் பெட்டி, முதல் பெட்டியிலிருந்து இரண்டாவது என்று தொடர் போட்டால் முதல் கேபிள் 11 ஆம்பியரையும் தாங்கணும், முதல் பெட்டியின் சாக்கெட்டும் தாங்கணும். ஓம் கணக்கில் இரண்டு வழியும் ஒன்றுதான். 8-உம் 8-உம் இணையாகச் சேர்ந்து 4. பாரம் எங்கே விழுது என்பதுதான் மாறும்.

ஸ்பீக்கான் 30 ஆம்பியரை நின்று தாங்கும். நியூட்ரிக் கம்பெனி 1987-இல் இதைக் கொண்டு வந்ததே ஒலிபெருக்கிக்காக மட்டும். ஜாக் பிளக் தொலைபேசி இணைப்பகத்துக்காகப் பிறந்தது, கிட்டாருக்கு வந்தது, ஸ்பீக்கருக்குப் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டது. ஸ்பிரிங் ஒன்று வட்டத் தண்டைத் தொடும் இடம் ஒரு புள்ளி அளவுதான். மின்சாரம் முழுக்க அந்தப் புள்ளி வழியாகத்தான் போகணும்.

என் முடிவு: 4×10-ஐயும் ஸ்பீக்கானுக்கு மாற்று. ஒரு மாலை வேலை.

#3 ஜெலுத்தோங் ஐந்துகம்பி (பினாங்கு)

கொஞ்சம் பொறுங்க சால்டர் அண்ணே. பெட்டிக்கு 250 வாட், 5.6 ஆம்பியர். நல்ல உலோக ஜாக், சுத்தமான சாக்கெட் இருந்தா அது ஒண்ணும் பெரிய பாரமே இல்ல. உலகத்துல பாதி பெட்டி இன்னும் ஜாக்லதான் ஓடுது. ஆம்பியரைக் காட்டிப் பயமுறுத்தினா தேவையில்லாம செலவு பண்ண வைக்கிற மாதிரி ஆகிடும். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில இருக்கிற 100 வாட் காம்போ ஆம்புக்கு ஜாக் தாராளமா போதும்.

ஜாக்கோட உண்மையான குறை வேற. தாழ் இல்ல, கால் பட்டா கழன்றிடும். பார்க்க கிட்டார் கேபிள் மாதிரியே இருக்கும், மேடை இருட்டுல யாராவது மாத்தி சொருகிடுவாங்க. மூணாவது ஷார்ட்.

#4 மண்டப ஒலி (கோலாலம்பூர்)

அந்த மூன்றாவதுதான் இங்கே முக்கியம், அதனால் அது எங்கே நடக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். பலர் ஆம்ப் பக்கம் சொருகும்போது ஷார்ட் ஆகும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ஜாக் பிளக்கில் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே கறுப்பு வளையம் ஒன்று இருக்கும். அகலம் ஏறக்குறைய 1 மி.மீ. சாக்கெட்டின் வாயில் இருக்கும் உலோகக் குழாய் அதைவிடப் பல மடங்கு நீளம். பிளக் உள்ளே போகும் வழியில் கறுப்பு வளையம் அந்தக் குழாய்க்குள் இருக்கும் கணத்தில், குழாய் நுனியையும் தண்டையும் ஒரே நேரத்தில் தொடும். ஆம்ப் பக்கத்தில் இது நடந்தால் பாதிப்பு இல்லை, ஏனென்றால் ஆம்பின் ஸ்பிரிங் ஆழத்தில் இருக்கிறது, நுனி இன்னும் அதைத் தொடவில்லை. ஆனால் கேபிளை ஆம்பில் ஏற்கெனவே சொருகி, ஆம்ப் ஓடிக்கொண்டிருக்க, மறுமுனையைப் பெட்டியில் சொருகினால் அந்தக் கணம் ஆம்பின் இரண்டு முனையும் நேராக ஷார்ட். கழற்றும்போதும் அதேதான்.

கிளாஸ்-டியில் இன்னொரு சங்கதி. நிறைய ஹெட்டுகளில் வெளியீடு பிரிட்ஜ் முறையில் இருக்கும். பிளஸ்ஸிலும் மின்னழுத்தம், மைனஸ்ஸிலும் மின்னழுத்தம், இரண்டும் எதிரெதிராக ஆடும். மைனஸ் பூமி இல்லை. அந்த மைனஸ்தான் ஜாக்கின் வெளித்தண்டில், வெளிப் பூணில் வரும். உலோகப் பூண் போட்ட ஜாக் ஆம்ப் சட்டத்தையோ, இரும்பு ரேக்கையோ, பக்கத்து ஆம்பின் ஜாக்கையோ தொட்டால் பாதி வெளியீடு பூமிக்குப் போகும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் ஆம்ப் ஊமையாகும். இல்லாவிட்டால் பழுது கடைதான். பெட்டிப் பக்கத்தில் ஜாக் சாக்கெட் இரும்புத் தகட்டில் நேராக உட்கார்ந்திருந்தால் அந்தத் தகடும் மின்முனையாகி நிற்கும்.

இன்னொன்று: ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்து டிஐ பாக்ஸ் (ஒலியை மிக்ஸருக்கு அனுப்பும் சிறு பெட்டி) எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பிரிட்ஜ் வெளியீட்டில் பூமி இணைப்போடு டிஐ போட்டால் அதுவும் ஷார்ட்தான்.

ஸ்பீக்கானில் முனைகள் பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருக்கும். உள்ளே தள்ளி வலது பக்கம் கால் சுற்று திருகிய பிறகுதான் தொடும், தாழ் விழும். ஷார்ட்டுக்கு வாய்ப்பில்லை, கழலவும் கழலாது. காரணம் இதுதான், ஆம்பியர் அப்புறம்.

#5 ஆயர் ஈத்தாம் வால்வு (பினாங்கு)

மேலே சொன்னது டிரான்சிஸ்டருக்கும் கிளாஸ்-டிக்கும் சரி. வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்துக் குழம்பக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அங்கே நிலைமை தலைகீழ்.

வால்வு ஆம்பில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஒரு கணம் ஷார்ட் ஆனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பெட்டியே இல்லாமல் திறந்து நின்று, மேலே யாராவது வாசித்துக்கொண்டிருந்தால், டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருளில் மின்னழுத்தம் எகிறி, வால்வு தாங்கியில் பொறி தட்டும், சுருளின் காப்பும் போகும். அதனால்தான் ஃபெண்டர் ஆம்புகளில் முதன்மை ஸ்பீக்கர் ஜாக் ஒரு சுவிட்சோடு வந்தது. பிளக் இல்லாதபோது அதுவே வெளியீட்டை ஷார்ட் செய்துவிடும். வால்வுக்கு ஷார்ட்தான் பாதுகாப்பு.

எனவே வால்வு ஹெட்டில் ஜாக்கைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கான் போடுகிறவர்கள் அந்தச் சுவிட்சையும் சேர்த்து இழக்கிறார்கள். பதிலுக்கு தாழ் கிடைக்கிறது. கால் பட்டுக் கழலும் அபாயம் போகிறது, சொருக மறக்கும் அபாயம் இருக்கிறது. இரண்டையும் தூக்கிப் பார்த்தால் பாஸுக்கு ஸ்பீக்கானே மேல் என்பேன். ஆனால் பழைய ஜாக்கை அப்படியே விட்டுவிட்டு அதற்கு இணையாக ஸ்பீக்கான் சேர்க்காதீர்கள். ஜாக்கில் பிளக் இல்லை என்றால் சுவிட்ச் மூடியே இருக்கும், ஸ்பீக்கானில் பெட்டி இருந்தும் ஒலி வராது. சுவிட்ச் கம்பியைக் கழற்றிய பிறகுதான் ஸ்பீக்கான்.

#6 பந்தாய் பாஸ்

தெளிவாச்சு. ஸ்பீக்கானே போடுறேன். இப்ப என்எல்2-ஆ (2 முனை) என்எல்4-ஆ (4 முனை)? கடைக்காரர் "4 வாங்கு, 4 தான் எல்லாத்துக்கும் ஆகும்" என்கிறார்.

#7 மண்டப ஒலி

கடைக்காரர் தலைகீழாகச் சொல்கிறார்.

இரண்டு முனை பிளக், அதாவது என்எல்2எஃப்எக்ஸ், நாலு முனைச் சாக்கெட்டிலும் போகும், இரண்டு முனைச் சாக்கெட்டிலும் போகும். நாலு முனைச் சாக்கெட்டில் (1+, 1-, 2+, 2-) அது 1+, 1- இரண்டை மட்டும் தொடும். பாஸ் ஹெட்டுகள் 99 சதவீதம் அதில்தான் ஒலி அனுப்புகின்றன என்று சொல்ல ஆசை, சதவீதம் எதற்கு, ஏறக்குறைய எல்லாமே. நாலு முனை பிளக்கோ இரண்டு முனைச் சாக்கெட்டில் போகாது. வேறொருவர் பெட்டியோடு வாசிக்க நேர்ந்தால் கையில் என்எல்2 இருப்பவருக்கே வேலை நடக்கும். பெட்டியில் பதிக்கும் சாக்கெட்டுக்கு இதே காரணத்தால் எதிர் விடை: அங்கே என்எல்4எம்பி போடு. எந்த பிளக்கோடு யார் வந்தாலும் ஏற்கும்.

நாலு முனைக் கேபிள் கட்டாயம் வேண்டிய இடம் இரண்டு.

ஒன்று, பை-ஆம்ப். காலியன்-க்ரூகர் ஆர்பி வரிசை ஹெட்டுகள் 1+/1- வழியாக வூஃபருக்கும் (கீழ் ஒலி) 2+/2- வழியாக ஹார்னுக்கும் (மேல் ஒலி) தனித்தனியாக அனுப்பும். பெட்டியின் சுவிட்ச் பை-ஆம்பில் இருக்க, என்எல்2 கேபிள் போட்டால் ஹார்ன் வாயைத் திறக்காது. ஹார்ன் எரிந்துவிட்டது என்று நினைத்துப் பிரித்துப் பார்ப்பார்கள்.

இரண்டு, பவர் ஆம்பைப் பிரிட்ஜ் செய்வது. பல பவர் ஆம்புகளில் பிரிட்ஜ் வெளியீடு 1+, 2+ ஆகிய இரண்டில் வரும். என்எல்2 கேபிள் போட்டால் ஒரு சேனல் மட்டும் கேட்கும், சத்தம் எதிர்பார்த்ததற்கு மிகக் குறைவு. இதற்குத் தனிக் கேபிள் கட்டணும்: ஆம்ப் முனையில் 1+, 2+, பெட்டி முனையில் 1+, 1-. அதற்கு சிவப்பு டேப் சுற்றி வை. மற்றக் கேபிளோடு கலந்தால் வம்பு.

இப்போது ஒரு பொறி. நாலு கம்பி கேபிள் கையில் இருக்கிறதே, 1+ஐயும் 2+ஐயும் பிளக்குக்குள்ளேயே சேர்த்து, மைனஸ்களையும் அப்படியே சேர்த்தால் செம்பு இரட்டிப்பாகுமே என்று சிலர் கட்டுவார்கள். உன் ஹெட்டில் அது வேலை செய்யும். அதே கேபிளை பை-ஆம்ப் ஹெட்டிலோ இரண்டு சேனல் பவர் ஆம்பிலோ சொருகினால் இரண்டு சேனலின் வெளியீடும் ஒன்றோடொன்று மோதும். செய்யாதே. நாலு கம்பியை இரண்டிரண்டாகச் சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு ஜோடியையும் ஒரே துளையில், 1+ மட்டும், 1- மட்டும்.

#8 செந்தூல் சால்டர்

கம்பிக்கு வருவோம். ஹெட்டிலிருந்து பெட்டிக்கு 2 மீட்டர் என்று வை. போக வர 4 மீட்டர் செம்பு. 11 ஆம்பியர் ஓடும்போது:

0.75 சதுர மி.மீ.: 0.09 ஓம், சூடாகப் போவது 11 வாட்.
1.5 சதுர மி.மீ.: 0.046 ஓம், 6 வாட்டுக்குள்.
2.5 சதுர மி.மீ.: 0.028 ஓம், 3.5 வாட்.

இது முழு அடி சைன் அலைக்கு. பாட்டு வாசிக்கும்போது சராசரி இதில் சின்னப் பங்குதான். ஆக 2 மீட்டருக்கு 1.5-ஏ தாங்கும். நான் 2.5 போடச் சொல்வது காதுக்காக இல்லை. கனமான கம்பி மிதிபடும், வேன் கதவில் நசுங்கும், அப்பவும் பிழைக்கும்.

கிட்டார் கேபிளைப் பெட்டிக்குப் போடுவது ஏன் தப்பு என்றும் இதே கணக்கில் பார்த்துக்கோ. நடுக்கம்பி 0.22 சதுர மி.மீ. அளவு, மேலே மெல்லிய பின்னல். 3 மீட்டரில் மூன்றில் ஒரு ஓம் சேரும். 11 ஆம்பியரில் 40 வாட் அந்த ஒல்லிக் கேபிளுக்குள்ளேயே சூடாகும். நடுக்கம்பியின் உறை இளகிப் பின்னலைத் தொட்டால் கதை முடிஞ்சது.

நம்ம ஊர் ஹார்ட்வேர் கடையில் 70/076, 40/076, 23/076 என்று எழுதி வைத்திருப்பார்கள். முதல் எண் இழை எத்தனை. இரண்டாவது இழையின் விட்டம், 0.0076 அங்குலம், அதாவது 0.193 மி.மீ. பெருக்கினால் 70 இழை 2 சதுர மி.மீ.க்கு மேலே கொஞ்சம், 40 இழை 1.2 பக்கம், 23 இழை 0.7 பக்கம். ஸ்பீக்கருக்கு 70/076 எடு. 23-ஐத் தொடாதே.

ஒலிக்கடைக் கேபிள் என்றால் கனாரே 4எஸ்8 நல்ல சரக்கு. வெளி விட்டம் 8.3 மி.மீ., உள்ளே நாலு கம்பி, ஒவ்வொன்றும் 16 கேஜ். எதிரெதிர்க் கம்பியை ஜோடி சேர்த்தால் 2.6 சதுர மி.மீ.

வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளி நிறம் தெரிஞ்சா அது செம்பு பூசிய அலுமினியம். தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். அதைவிட மோசம், திருகு கீழே அலுமினியம் நாளாக நாளாக நசுங்கித் தளரும்.

#9 ஜெலுத்தோங் ஐந்துகம்பி

70/076-ல ஒரு எச்சரிக்கை. அது வீட்டு மின்சாரத்துக்கான கேபிள், பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் மூணு கம்பி. மின்னியல்படி ஸ்பீக்கருக்கு ஒரு குறையும் இல்ல. மேடையில ஆம்பின் பவர் கேபிளும் அதே கறுப்பு உறையில கிடக்கும். யாரோ ஒருத்தர் முனை பழுதானதைப் பார்த்து 13 ஆம்பியர் பிளக் மாட்டிட்டா 230 வோல்ட் பெட்டிக்குள்ள போகும். மின்சாரக் கேபிள்தான் வேணும்னா இரண்டு முனையிலயும் கண்ணுக்குத் தெரியுற நிறத்துல சுருங்கு குழாய் போடுங்க, "ஸ்பீக்கர்"னு எழுதி மேல தெளிவான குழாயை ஏத்துங்க. முடிஞ்சா இரண்டு கம்பி வட்டக் கேபிளே வாங்குங்க.

அதே மாதிரி பவர் ஆம்ப்ல வர்ற 4 மி.மீ. பனானா பிளக். இரண்டு முனைக்கும் நடுவே 19 மி.மீ. ஐரோப்பிய இரண்டு ஊசி மின் பிளக்குக்கும் அதே இடைவெளி. நம்ம மூணு துளைச் சாக்கெட்டுல மூடி இருக்கு, போகாது. எல்லா நாட்டு பிளக்கையும் ஏத்துக்கிற நீட்டிப்புப் பலகை இருக்கே, அதுல போயிடும். இரட்டை பனானா கேபிளை மேடைக்குக் கொண்டு போகவே வேணாம்.

சால்டர் அண்ணே, பேரிலயே சால்டர் வச்சிருக்கீங்க, கட்டுறது எப்படின்னு எழுதுங்களேன்.

#10 செந்தூல் சால்டர்

பேர் சால்டர், ஆனா ஸ்பீக்கான் பிளக்கில் சால்டர் வைக்க மாட்டேன். வரிசை இது.

முதலில் பின் மூடியையும் பிடியையும் கேபிளில் ஏற்று. இதை மறந்துட்டு எல்லாம் முடிச்ச பிறகு தலையில் கை வைப்பவர்களே அதிகம். மூடி எந்தப் பக்கம் பார்க்கணும் என்று இரண்டு தடவை பார்.

வெளி உறையை 20 மி.மீ. வெட்டு. உள்கம்பியை 8 மி.மீ. உரி. கத்தி இழையில் படாமல் உரிக்கணும், நாலு இழை போனாலும் திரும்ப வெட்டு. இழையை வந்த திசையிலேயே முறுக்கு.

பழுப்பு அல்லது சிவப்பு 1+, நீலம் அல்லது கறுப்பு 1-. பிளாஸ்டிக்கில் எழுத்து பதிந்திருக்கும், கண்ணாடி போட்டுப் படி. திருகு போஸிட்ரைவ் வகை, அதற்கான 1-ஆம் எண் முனையால் இறுக்கு. சாதாரண பிலிப்ஸ் முனை போட்டால் தலை வழுக்கும். இறுக்கிய பிறகு ஒவ்வொரு கம்பியையும் தனியாக இழு. வெளியே ஒரு இழைகூட நீட்டக் கூடாது.

உள் பாகத்தை உறைக்குள் தள்ளும்போது வரிப்பள்ளம் சரியாக உட்காரணும். பிடி கேபிளின் வெளி உறையைப் பிடிக்கணும், உள்கம்பியை இல்லை. பின் மூடியை இறுக்கு. கேபிளை முறுக்கிப் பார்த்தால் பிளக்கும் சேர்ந்து திரும்பணும்.

என்எல்2 உடல் ஒல்லி. தடித்த ரப்பர் உறைக் கேபிள் அதில் நுழையாது, வாங்குமுன் விட்டத்தைப் பார். பெட்டியின் சாக்கெட் ஆழக் கிண்ணத்தில் இருந்தாலோ, பெட்டி சுவரோடு ஒட்டி நிற்பதாக இருந்தாலோ பக்கவாட்டில் வளைந்த என்எல்4எஃப்ஆர்எக்ஸ் இருக்கு. ஆனால் அது நாலு முனை, மேலே மண்டப ஒலி சொன்னதை மறக்காதே.

#11 ஆயர் ஈத்தாம் வால்வு

ஒரு மறுப்பு. இழையை அப்படியே திருகின் கீழ் வைத்தால் திருகு இழைகளை வெட்டாதா? நுனியில் மெல்ல ஈயம் பூசினால் கட்டுக்கோப்பாக இருக்குமே?

#12 செந்தூல் சால்டர்

பார்க்க அழகாக இருக்கும், அன்றைக்கு இறுக்கமாகவும் இருக்கும். ஈயம் மென்மையான உலோகம். திருகின் அழுத்தத்தில் மெதுவாக வழிந்து விலகும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சில மாதத்தில் திருகு தளர்ந்திருக்கும். தளர்ந்த இடத்தில் தடை ஏறும், தடை ஏறினால் சூடு ஏறும். இன்னொன்று, ஈயம் முடியும் இடத்தில் கம்பி விறைத்து அங்கேதான் முறியும். இழை வெட்டுப்படும் என்று பயமிருந்தால் செம்புக் குழாய் முனை, 2.5 சதுர மி.மீ. அளவு, சரியான நசுக்குக் குறட்டால் நசுக்கிப் போடுங்கள் ஐயா. பல் தடம் பதியும் சாதாரண குறடு வேண்டாம்.

#13 ஆயர் ஈத்தாம் வால்வு

குழாய் முனை ஏற்றுக்கொள்ளத் தக்கது. ஈயத்தை விட்டுவிடுகிறேன்.

#14 மண்டப ஒலி

4×10-ஐ மாற்றும் வேலையை எழுதுகிறேன்.

சாமான்: என்எல்4எம்பி சாக்கெட் 2 (பெட்டிக்குள் வர ஒன்று, அடுத்த பெட்டிக்குப் போக ஒன்று), எம்3 திருகும் நட்டும் 4, 4.8 மி.மீ. தட்டை நசுக்கு முனை 4, 1.5 சதுர மி.மீ. கம்பி ஒரு மீட்டர், மென் பஞ்சு டேப், படி துளைப்பான்.

பழைய ஜாக் தகட்டைக் கழற்று. துளைப்பதைப் பெட்டிக்கு வெளியே வைத்துச் செய். பெட்டியில் இருக்கும்போதே துளைத்தால் இரும்புத் தூள் காந்தத்தைத் தேடிப் போய் இடைவெளியில் உட்காரும், அதன்பிறகு அந்த ஸ்பீக்கர் கரகரப்பதை நிறுத்தாது.

சாக்கெட் முகம் 26×31 மி.மீ., துளை 24 மி.மீ., திருகு துளைகள் மூலைவிட்டத்தில் 19×24 மி.மீ. இடைவெளி. பழைய ஜாக் துளை சிறியது, அதையே நடுப்புள்ளியாக வைத்துப் படி துளைப்பானால் மெதுவாக அகட்டு. தகடு சிறியதாக இருந்தால் இரண்டு சாக்கெட்டும் நெருக்கியடிக்கும், அப்போது இந்த அளவுக்கே துளையிட்ட புதுத் தகடு வாங்குவது நல்லது.

உள்ளே வரும் சிவப்பை 1+க்கு, கறுப்பை 1-க்கு. இரண்டாவது சாக்கெட்டுக்கு அதே வரிசையில் தொடர். 2+, 2-இலும் ஒரு கம்பியை முதல் சாக்கெட்டிலிருந்து இரண்டாவதுக்குக் கொண்டு போனால் நாலு முனைக் கேபிளும் அந்தப் பெட்டி வழியாகக் கடந்து போகும். உனக்குத் தேவையில்லை, ஆனால் பெட்டியை ஒரே தடவைதான் திறக்கப் போகிறாய்.

ஜாக் ஒன்றையும் வைத்துக்கொள்ளணும் என்று தோன்றும். வைக்காதே. ஜாக் இருந்தால் யாராவது சொருகுவார்கள்.

காற்று கசியக் கூடாது. இது பாஸ் பெட்டிக்கு ரொம்ப முக்கியம், பலர் விட்டுவிடுவார்கள். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டியில் கீழ் ஸ்வரத்தில் உள்ளழுத்தம் நன்றாக ஏறும். தகட்டின் ஓரத்தில் ஊசி அளவு இடைவெளி இருந்தாலும் புஸ்ஸென்று சத்தம் வரும், கேட்பவர் கூம்பு கிழிந்துவிட்டது என்பார். தகட்டைச் சுற்றிப் பஞ்சு டேப் ஒட்டு. முடித்ததும் கைப்பேசியிலிருந்து 41 ஹெர்ட்ஸ், அதாவது கீழ் ஈ கம்பியின் ஸ்வரம், மெல்ல அனுப்பி, ஈரக் கையைத் தகட்டின் ஓரமாக நகர்த்து. கசிவு இருந்தால் கை சொல்லும்.

#15 ஜெலுத்தோங் ஐந்துகம்பி

பெயரில்லா மலிவு பிளக் கேட்டிருந்தீங்க. ஆம்ஃபினால் மாதிரி வேற கம்பெனி பொருந்துற பிளக் செய்யுது, அது சரியான சரக்கு. பெயரே இல்லாததுல பிரச்சினை அளவு. திருகும்போது பாதியில நின்னுடும், இல்லன்னா தாழ் விழுந்ததா தோணும், இழுத்தா வந்திடும். இன்னும் சிலது உள்ள போயிடும், திரும்ப வராது. கடையிலேயே ஒரு நல்ல சாக்கெட்ல பத்துத் தடவை போட்டு எடுத்துப் பாருங்க. கையில நல்ல பிளக் வாங்க காசு குறைவா இருந்தா பெட்டிச் சாக்கெட்டை மட்டும் நல்லதா போடுங்க, கேபிள் பிளக்கைப் பிறகு மாத்தலாம். கோலாலம்பூர்ல ஜாலான் பாசார் பக்கம் எலெக்ட்ரானிக் கடை வரிசையா இருக்கு, பிரிச்சுப் பார்க்க விடுற கடையில வாங்குங்க.

பினாங்குல கடலோர மேடைக்கு அடிக்கடி போற ஆளுங்களுக்கு: உப்புக்காத்து ஜாக்கைத்தான் முதல்ல தின்னும், முனை வெளியே தெரியுறதால. ஸ்பீக்கான்லயும் வருஷத்துக்கு ஒரு தடவை முனை துடைக்கிற கிளீனரைப் பஞ்சுக் குச்சியில நனைச்சு சாக்கெட் உள்பள்ளத்துல சுத்துங்க. பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே வேணாம், தூசியைச் சேர்த்துப் பசையாக்கிடும்.

#16 பந்தாய் பாஸ்

எல்லாம் கட்டியாச்சு. மீட்டர் அளவு: 4×10 தனியாக 6.1 ஓம், 1×15 தனியாக 5.7, இரண்டும் சேர்த்து 2.9. 4 ஓம் இருக்கணுமே, 2.9 காட்டுது, ஆம்புக்கு ஆபத்தா? இன்னொன்று, தனித்தனியாக இரண்டும் அடி (கீழ் ஸ்வரம்) நல்லா வருது. இரண்டையும் சேர்த்தா அடி குறையுது, தொண்டை மட்டும் கேட்குது.

#17 மண்டப ஒலி

2.9 சரியான அளவு. மீட்டர் காட்டுவது சுருளின் நேர்மின் தடை. 8 ஓம் பெட்டி மீட்டரில் 5.5-இலிருந்து 7 வரை காட்டும், 4 ஓம் சேர்க்கை 3 பக்கம் காட்டும். 6.1-உம் 5.7-உம் இணையாகச் சேர்ந்தால் 2.95 என்று கணக்கும் சொல்கிறது. மீட்டர் கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார், 0.2 காட்டினால் அதையும் கழித்துக்கொள்.

இரண்டாவது, ஒரு பெட்டியில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது, கீழ் ஸ்வரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

ஆம்பிலிருந்து கேபிளைக் கழற்று. பெட்டிப் பக்கம் சொருகியபடியே இருக்கட்டும். ஆம்ப் முனையின் 1+இல் 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ், 1-இல் மைனஸ். ஒரு கணம் தொட்டு எடு, பிடித்துக்கொண்டே இருக்காதே. கூம்பு முன்னால் வரணும். இரண்டு பெட்டிக்கும் செய். 4×10-இல் நாலு கூம்பும் ஒரே பக்கம் போகிறதா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர் உள்ளே இருந்தால் மட்டும் கவனம், அவற்றில் சிவப்பு முனைக்குப் பிளஸ் கொடுத்தால் கூம்பு பின்னே போகும்.

#18 பந்தாய் பாஸ்

4×10-இல் நாலும் பின்னே போகுது. ஜேபிஎல் இல்லை. கம்பி நிறம் சிவப்பு 1+இல்தான் இருக்கு.

#19 செந்தூல் சால்டர்

அப்போ முன்னமே தகட்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியை யாரோ மாற்றி ஈயம் வைத்திருக்காங்க. ஒரே பெட்டியாக ஓடும்போது அது யாருக்கும் தெரியாது. ஸ்பீக்கர் பக்கம் தொடாதே, நாலையும் பிரிக்க வேண்டி வரும். தகட்டுப் பக்கத்தில் 1+, 1- முனைகளை மட்டும் இடம் மாற்று, இரண்டு சாக்கெட்டிலும் சேர்த்து. இரண்டாவதை மறந்தால் தொடர் பெட்டிக்குத் திரும்பவும் மாறிப் போகும். நிறம் மாறியிருக்குன்னு தகட்டின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வை, அடுத்து திறக்கிற ஆள் "சரி செய்து" விடுவார்.

#20 பந்தாய் பாஸ்

மாற்றினேன், இரண்டு சாக்கெட்டிலும் பேட்டரி வைத்துப் பார்த்தேன், நாலும் முன்னே வருது. சேர்த்து ஓட்டினா அடி வந்துடுச்சு. 41 ஹெர்ட்ஸ்ல தகட்டின் கீழ் ஓரம் மட்டும் லேசா ஊதுது, இன்னொரு சுற்று டேப் போடுறேன்.

#21 மண்டப ஒலி

டேப்புக்கு மேல் டேப் வேண்டாம், தகடு வளைந்து மற்ற ஓரம் தூக்கும். பழையதை உரித்துவிட்டு ஒரே சுற்று, முனைகள் இரண்டும் மேல் பக்கத்தில் சந்திக்கும்படி ஒட்டு. திருகைக் குறுக்கு வரிசையில் இறுக்கு.